பித்தப்பை கொஞ்சம் டல்லா இருக்கு

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் போன வாரம் ஸ்டாஃப் ரூமில் கேட்டார்: "நீங்க ரிஃப்ளெக்ஸாலஜி போறீங்களே, அந்தப் பாதம் அமுக்குற வைத்தியம், அதுல சுகர் மாத்திரை குறையுமாமே? எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகவா?" அதற்குள் மணி அடித்துவிட்டது. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ரெண்டு வருஷமாகப் போகிறவளே வேண்டாம் என்றால் கேட்டவருக்கு என்ன புரியும்? அதனால் இது.

நான் போவது நங்கநல்லூரில், ஒரு மாடி அறை. சேர்ந்தபோது 45 நிமிடத்துக்கு 600 ரூபாய், இப்போது 850. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் நின்றே பாடம் எடுக்கிறவள் நான். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி ஏறும். யாரோ சொல்லித்தான் போனேன். முதலில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறப் போடுவார்கள். பிறகு அங்கே அமுக்கிவிடும் பெண் தன் கைக் கட்டைவிரலை மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, கம்பளிப்பூச்சி ஊர்வது மாதிரி குதிகாலிலிருந்து மேலே ஏறிப் போவார். பாதத்தின் வளைவுக்கு வரும்போது வலியும் சுகமும் கலந்து ஒன்று வரும் பாருங்கள், அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பாதி நேரம் தூங்கிவிடுவேன். போன் பையில் கிடக்கும். 45 நிமிடம் யாரும் என்னை "மிஸ்" என்று கூப்பிட மாட்டார்கள். இறங்கி வரும்போது கால் என்னுடையது இல்லாத மாதிரி லேசாக இருக்கும். குதிகால் வலி குறைந்தது உண்மை. அதே மாதம் மெத்தென்ற செருப்புக்கு மாறினேன், கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் தொடங்கினேன் என்பதும் உண்மை. எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

இதோடு நின்றிருந்தால் நான் எழுதவே வேண்டாம். பிரச்சினை சுவரில் தொங்கும் அந்தப் படம்தான். பாதம் முழுக்க வண்ண வண்ணமாக உறுப்புகள். விரல்களில் தலை, விரலுக்குக் கீழே நுரையீரல், நடுவில் வயிறு, குதிகாலில் இடுப்பு, உள்பக்க ஓரம் முழுக்க முதுகெலும்பு. ஈரல் வலது பாதத்தில், இதயம் இடதில். எங்கே அமுக்கினாலும் ஒரு தீர்ப்பு வரும். "இங்க கல்லு மாதிரி இருக்கு மேடம், லிவர்ல கொழுப்பு." நான் பயந்துபோய் 1,500 ரூபாய் கொடுத்து ஸ்கேன் எடுத்தேன். ஈரல் சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் ரிப்போர்ட்டைக் காட்டினால், "அது இப்பத்தான் ஆரம்பம் மேடம், ஸ்கேன்ல தெரியாது."

அதற்கும் மேலே ஒன்று. ஒருமுறை மாமியாரையும் கூட்டிப்போனேன். வலது பாதத்தில் ஒரு புள்ளியை அமுக்கிக்கொண்டே, "பித்தப்பை கொஞ்சம் டல்லா இருக்கு பாட்டி, எண்ணெய்ப் பலகாரம் குறைச்சுக்குங்க" என்றார் அந்தப் பெண். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதைத்தான் 2016-லயே எடுத்துட்டாங்களேடி. கல்லைக்கூட பாட்டில்ல போட்டுக் காட்டினாங்களே!"

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். "ஐயாயிரம் ஆண்டுச் சீனக் கலை" என்று அவர்கள் போர்டில் இருக்கிறது. ஆனால் இந்த வரைபடத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், உடம்பைத் தலை முதல் கால் வரை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-ல் ஒரு புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்கம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்துக்குள் இறக்கி, உறுப்புக்கு ஒரு புள்ளி என்று குறித்தார். அந்தப் புள்ளியிலிருந்து உறுப்புக்குத் தனி நரம்போ குழாயோ போவதாக உடற்கூறியலில் எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் படமும் மாறும். வேளச்சேரியில் இன்னொரு இடத்தில் பார்த்த படத்தில் சிறுநீரகம் ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. மாற்று மருத்துவத்தை ஆராயும் எட்சார்ட் எர்ன்ஸ்ட் குழுவினர் 2011-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்று நம்பும்படியான சான்று இல்லை என்று எழுதினார்கள். உடம்பு தளர்ந்து மனசு இளகுகிறதே என்றால், சும்மா பாதம் பிடித்துவிட்டாலும் அது நடக்கும்.

சரி, நம்பிக்கை அவரவர் விஷயம் என்று விட்டிருப்பேன். மாமியார் கால்தான் என்னைக் கோபப்பட வைத்தது.

அவருக்குப் பதினேழு வருஷமாகச் சுகர். அன்று வெந்நீரில் காலை வைத்தபோது "சூடு போதுமா பாட்டி?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் தெரியலையே, இன்னும் ஊத்து" என்றார் இவர். ஊற்றினார்கள். ரெண்டு நாள் கழித்துச் சுண்டுவிரல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். சுகர் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். "தெரியுதா?" முதல் இடத்தில் தெரிந்தது. அடுத்த மூன்று தொடுதலுக்கு மாமியார் பேசாமல் உட்கார்ந்திருந்தார், இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு. புண் ஆற ஐந்து வாரம் ஆனது. சுகர் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பாதித் தப்பை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். இப்போது அங்கே புதிதாக வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே டீச்சர், உங்கள் அம்மாவுக்குப் பாத உணர்ச்சி எப்படி என்று முதலில் டாக்டரிடம் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் அமுக்கக் கொடுக்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிதான். காலில் புண், எலும்பு முறிவு, கட்டைவிரல் சிவந்து வீங்கும் யூரிக் ஆசிட் வலி என்றாலும் வேண்டாம். நம்மைப் போல நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் வெரிகோஸ், அதாவது புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாயின் மேல் கை வைக்க விடாதீர்கள். கர்ப்பிணி என்றால் உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள், நான் கட்டி ஏமாந்தேன். அமுக்குகிறவர் எங்கே படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் வாங்க ஐந்தரை வருஷம் ஆகிறது. ஆயுர்வேதம், சித்தா போன்றவை அடங்கிய அரசின் ஆயுஷ் முறைகளின் பட்டியலில் ரிஃப்ளெக்ஸாலஜிக்குத் தனி இடமே இல்லை. ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழில் எத்தனை நாள் வகுப்பு என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

850 ரூபாய்க்கு இது தகுமா? தகாது. அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கலாம். யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அந்தப் பெண்ணோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்: அமுக்கலாம், உறுப்பைப் பற்றிப் பேசக் கூடாது. நாலு மாதமாக வாயே திறக்கவில்லை, பாவம். போன சனிக்கிழமை கட்டைவிரலின் அடியில் அமுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். அதே இடத்தை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த விரலுக்குப் போய்விட்டார்.

"என்னம்மா, தைராய்டா?" என்று நானேதான் கேட்டேன்.