குற்றவியல் பட்டம்: காக்கியா, நன்னடத்தை அலுவலர் வேலையா, வங்கி மோசடிப் பிரிவா?

சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலோ குற்றவியல் முடித்தவரிடம் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எஸ்.ஐ. பரீட்சை எப்போ?" கேட்பதில் தப்பில்லை. அந்த ஒரு பரீட்சையை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்தான் சிக்கல்.

ஒப்பீட்டுக்கு முன் சிலவற்றை ஓரம் கட்டிவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. உடனே தடயவியல் வேலை கொட்டப்போகிறது என்று பேச்சு. ஆனால் ஆய்வகப் பதவிகளுக்குக் கேட்பது வேதியியல், இயற்பியல், உயிரியல், தடய அறிவியல் போன்ற அறிவியல் பட்டம், குற்றவியல் எம்.ஏ. அங்கே செல்லாது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் வந்த மசோதா சட்டமாகவே இல்லை. அடுத்தவர் போன் கால் ரெக்கார்டை எடுத்து வரச் சொல்லும் முதலாளியிடம் சேர்ந்தால் வழக்கு உங்கள் மேல்தான் விழும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாக இருக்கிறது, ஆனால் அந்தத் துறை உள்ள கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் இன்னொரு மூன்று வருடப் படிப்பு; அரசு உதவி வழக்கறிஞர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து வருட அனுபவமும் கேட்பார்கள்.

மிச்சம் மூன்று.

எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். தமிழ் தகுதித் தாளில் 40 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். முதன்மை எழுத்துத் தேர்வு 140 கேள்வி, 70 மதிப்பெண். உடல்திறன் 15, நேர்முகம் 10, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றுக்கு 5. கேள்வித்தாளில் பொது அறிவும் உளவியல், தர்க்கக் கணக்கும்தான் நிறைந்திருக்கும். படித்த தண்டனையியலுக்கும் பாதிக்கப்பட்டோரியலுக்கும் அங்கே வேலையே இல்லை. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. (எஸ்சி, எஸ்டி 167), மார்பு 81, விரித்தால் 86, 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 (எஸ்சி, எஸ்டி 157), 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி. உயரத்தையும் மார்பளவையும் இன்றே சுவரில் நின்று அளந்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்துவிட்டு மைதானத்தில் அரை செ.மீ. குறைந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. தேர்வானால் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் ஒரு வருடப் பயிற்சி. அடிப்படைச் சம்பளம் 36,900-இல் தொடங்கும். வேலை நல்ல வேலைதான், அதை மறுக்கவில்லை.

படித்த படிப்பு அப்படியே கைகொடுக்கும் இடம் என்றால் அது நன்னடத்தை அலுவலர் பதவி. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் கேட்டுப் பார்க்கும் அறிக்கை இவர் எழுதுவது. சிறார் வழக்கில் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை வைக்க வேண்டும். வீட்டுக்குப் போய், பள்ளியில் விசாரித்து, பையன் படிப்பை எப்போது நிறுத்தினான், அப்பா எங்கே, கூடச் சுற்றுகிறவர்கள் யார் என்று கோத்து எழுதுகிற வேலை. மனசுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் டிஎன்பிஎஸ்சி இதற்கு எடுக்கும் இடம் கொஞ்சம்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஒப்பந்தப் பணி கிடைக்கும்; பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய் தொகுப்பூதியம் என்று விளம்பரங்களில் பார்க்கலாம். சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் என்றால் எல்எல்பி கேட்பார்கள். ஒப்பந்தம் என்பது ஒப்பந்தம்தான்.

இனி என் சாய்வு. சென்னையில் வெளிநாட்டு வங்கிகளுக்கும் உள்நாட்டு வங்கிகளுக்கும் பணமோசடித் தடுப்பு, கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது), பரிவர்த்தனைக் கண்காணிப்பு வேலை பெரிய அளவில் நடக்கிறது. குற்றவியல் படித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை, இதெல்லாம் பி.காம். ஆட்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

தீர்மானிக்க வேண்டியது ஒரே விஷயத்தை வைத்து: வயது. எஸ்.ஐ. தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30, பிசி, எம்பிசிக்கு 32, எஸ்சி, எஸ்டிக்கு 35 வரைதான். அறிவிப்போ உங்கள் நாள்காட்டி பார்த்து வராது. 2022-இல் 444 இடம், 2023-இல் 621, அடுத்தது 2025-இல் 1,299. அறிவிப்பிலிருந்து பயிற்சிக்குப் போவதற்குள் ஒரு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். வழக்கு வந்தால் இன்னும் இழுக்கும். 22 வயதில் தொடங்கினால் 30-க்குள் நாலைந்து வாய்ப்புக் கிடைப்பதே பெரிது. அதுவரை கோச்சிங் சென்டரிலேயே இருந்தவரின் கையில் 31 வயதில் பழைய பட்டமும் வெற்று ரெஸ்யூமும்தான் மிஞ்சும். வங்கி வேலையில் அந்த வருடங்கள் அனுபவமாகக் கணக்கில் ஏறும்.

வேலை எப்படி? 40,000 சம்பளக்காரர் கணக்கில் ஒரே வாரம் மூன்று கிளையில் 49,000, 48,500, 49,000 என்று ரொக்கம் விழுகிறது. 50,000-ஐத் தாண்டினால் கேள்வி வரும் என்று நினைப்பவர் போடும் தொகை இது. மொத்தப் பணமும் மறுநாள் ஒரே கணக்குக்குப் போய்விடுகிறது. சிஸ்டம் அலர்ட் எழுப்பும். நீங்கள் வரவு செலவைத் தொடர்ந்து பார்த்து, யார், எப்போது, எப்படி, ஏன் சந்தேகம் என்று நரேடிவ், அதாவது விளக்க அறிக்கை, எழுத வேண்டும். அமெரிக்க வங்கி என்றால் சந்தேகத்துக்குரியது என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளில் அறிக்கை போயாக வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: பரிவர்த்தனைப் பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவார்கள், அல்லது குற்றம் நிரூபணமானது போலத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

பெயர்ச் சரிபார்ப்பில் இன்னொரு வேடிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அப்பா பெயர் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். அரசுகள் பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியலில் உள்ள யாரோ ஒருவர் பெயரோடு சிஸ்டம் அதைச் சேர்த்துவிடும். இனிஷியலை விரித்து, பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒப்பிட்டு அதைத் தள்ளுவது தமிழ் ஆளுக்கு இரண்டு நிமிட வேலை.

குறையும் உண்டு. எல்1 என்கிற முதல் நிலையில் பெயர் தள்ளுகிற வேலையிலேயே நாலு வருடம் இருந்தால் வளர்ச்சி இல்லை. அந்த அடிமட்ட வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த நிலையான எல்2 விசாரணைக்கு மாறிவிட வேண்டும். கேம்ஸ் என்ற பணமோசடித் தடுப்பு நிபுணர் சான்றிதழை வேலையில் சேரும் முன் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதற்குத் தகுதிப் புள்ளிகள் வேண்டும், அனுபவம் இருந்தால் அவை சுலபமாகச் சேரும்.

நேர்முகத்தில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: பெயர்ச் சரிபார்ப்பா, பரிவர்த்தனைக் கண்காணிப்பா; நேரடி ஊதியப் பட்டியலா, மூன்றாம் நிறுவனமா; நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமென்றால் சேராதீர்கள், எஸ்.ஐ. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அதுதான் வேண்டும். ஷிப்டையும் பாருங்கள். அமெரிக்க ஷிப்ட் முடிந்து விடியற்காலை வீடு வந்தால் 1500 மீட்டர் ஓட்டப் பயிற்சி ஒரு மாதம்கூட நிற்காது. இங்கிலாந்து ஷிப்டில் இரவு பத்து, பத்தரைக்குள் முடியும். காலையில் மைதானம் போகலாம்.