ஓடுகிறவனுக்குக் காணாத மணிக்கூடு

அடி எண்ணும் இந்தக் கைமணிக்கூட்டை மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில் 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கொன்று, மகனுக்கொன்று. நான் நடக்கிறவள், அவன் ஓடுகிறவன். "அக்கா, இரண்டு பேருக்கும் இதுவே காணும்" என்றார் கடைக்காரத் தம்பி. எனக்குக் காணும். மகனுக்குக் காணாது.

விடியற்காலையில் நான் அரசடியிலிருந்து பழைய கல்லடிப் பாலத்தால் நடந்து, திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் போய்த் திரும்புவேன். வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் 5,000 அடியை நெருங்கிவிடும். மகன் கடற்கரையில் இருபது நிமிடம் ஓடி, சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்து வருவான். அவன் கையில் 3,000 சொச்சம். என் மணிக்கூடு அதிர்ந்து பாராட்டும். அவனுடையதோ இன்னும் எழுந்து நடக்கச் சொல்லும். அவனுக்கு வருகிற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்னது: கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அதாவது ஒரு நிமிட ஓட்டம் இரண்டு நிமிட விறுவிறு நடைக்குச் சமன். அந்தக் கணக்கில் அவனுடைய இருபது நிமிடமும் என் முக்கால் மணியும் ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவில் 33,060 ஓட்டக்காரர்களையும் 15,945 நடையாளர்களையும் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: செலவழித்த சக்தி சமமானால் பிரஷர், கொலஸ்ட்ரோல், நீரிழிவு வரும் அபாயம் இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைகிறது. ஓடுகிறவருக்கு நேரம் மிச்சம். நடக்கிறவருக்குக் காயப்படும் அபாயம் குறைவு. இந்த மணிக்கூட்டுக்கு அதெல்லாம் பொருட்டில்லை, அடி என்றால் அடிதான்.

இதில் முன்கூட்டியே பதிந்து வரும், நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவர்கள் வகுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு புறப்பட்ட விளம்பர எண் அது. சராசரி 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்திய 2019ஆம் ஆண்டு ஆய்வில் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் இலக்கை 7,000க்குக் குறைத்து வைத்திருக்கிறேன். மாற்றுவது சுலபம்.

இதயத் துடிப்பு காட்டும் பச்சை வெளிச்சம் நடக்கும்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஓடும்போது வேர்வையில் பட்டி வழுக்கினால், துடிப்புக்குப் பதிலாகக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு 165 என்று அசையாமல் நிற்கும். மகன் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு. ஓடுகிறவருக்கு அடியைவிடத் துடிப்புத்தான் முக்கியம். அதுவே பிழைத்தால் பிறகென்ன?

திருவலையில் தேங்காய் திருவினாலும் அடி ஏறுகிறது. ஒரு தேங்காய் முடிவதற்குள் நூறு, நூற்றைம்பது. சமையலும் உழைப்புத்தானே என்று நான் கழிப்பதில்லை. பாலத்தில் கல்லடிப் பக்கம் முகம் வைத்து நடக்கையில், வெயில் ஏறிவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். தமிழில் வரும் குறுஞ்செய்திகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சார்ஜ் கிழமைக்கு ஒருமுறை போதும், அதில் குறையில்லை.

என்னைப்போல் நடக்கிறவர்கள் வாங்கலாம். ஓடுகிறவர்கள் இந்தக் காசை நல்ல சப்பாத்துக்குப் போடட்டும். நிமிடம் பார்க்கச் சாதாரண மணிக்கூடு போதும். வாங்குவதானால் பட்டியைக் கட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வேர்வையில் மணிக்கட்டு சிவந்து கடித்தது. துணிப்பட்டி கேட்டதற்கு, கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்கிறார் தம்பி.