8,450 ரூபாய் போச்சு: தூண்டில்ல சாஃப்ட் பிளாஸ்டிக் போட ரீல் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

கோபத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம்தான் எனக்குத் தூண்டில் சாமான் வித்த ஆளு என் நம்பரை பிளாக் பண்ணினான். 8,450 ரூபாய். காரைக்குடியில ஒரு கடையில கணக்கெழுதுறவனுக்கு அது எத்தனை நாள் சம்பளம்னு சொல்லத் தேவையில்லை. நூல் சுத்துற ரீல்ல ஸ்பின்னிங் வாங்குறதா, பெய்ட் காஸ்டிங் வாங்குறதான்னு முழிக்கிறவங்களுக்குக் கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

எங்க ஊர்க் கண்மாய்ல விரால் உண்டு. இத்தனை வருஷமா மண்புழுவும் மூங்கில் கம்பும்தான். இந்தத் தடவை கலுங்கு வரைக்கும் தண்ணி நிக்கவும் ஆசை வந்துருச்சு. இரைக்குப் பதிலா மாட்டுற மூணு இஞ்ச் சாஃப்ட் பிளாஸ்டிக் மீன் ரெண்டு பாக்கெட், அதை மாட்ட 5 கிராம் ஜிக் ஹெட் (தலையில குண்டு வச்ச தூண்டில் முள்ளு) பத்து வாங்கி வச்சேன். கொஞ்சம் கை பழகினதும் தொண்டிப் பக்கம் கொடுவாய்க்கும் போகலாம்னு நெனப்பு. பாக்கி ராடும் (தூண்டில் கம்பு) ரீலும்தான்.

தூண்டில் சாமான் விக்கிற ஒரு சமூக வலைதளப் பக்கம். பேர் போடலை, போட்டா இன்னொரு பேர்ல வந்து நிப்பான். நாலு நாள் வீடியோ பார்த்துட்டு போன் பண்ணினேன். அவன் முதல்ல கேட்டது, "எந்தூருண்ணே நீங்க?" காரைக்குடின்னேன். "அட, என் மாமியா ஊரு தேவகோட்டைண்ணே, பொங்கலுக்கு அங்கதான் வருவேன். நம்மாளுக்கு நான் தப்பா பொருள் குடுப்பேனா?" அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். அதுக்கப்புறம் நான் விலைகூட ஒழுங்கா பேசலை. தேவகோட்டையில எந்தத் தெருன்னு கேட்டிருந்தா அப்பவே முழிச்சிருப்பான். கேக்கலை.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொன்னேன். "5 கிராம் ஜிக் ஹெட்டுல சாஃப்ட் பிளாஸ்டிக்தான் போடப் போறேன், ஸ்பின்னிங் பாக்குறேன்." அதுக்கு அவன், "ஸ்பின்னிங்கெல்லாம் சின்னப் பசங்க வச்சு வெளையாடுறதுண்ணே. விராலுக்குப் பெய்ட் காஸ்டர்தான். கடைசி பீஸு, உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்." ரீல் 4,600, ராடு 3,200, பிரெய்டு நூல் 650. ஆக 8,450. க்யூஆர் கோடு அனுப்பினான், சோத்துக் கையைக் கழுவிட்டு வந்து உடனே போட்டுட்டேன்.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்துச்சு. நான் சுத்துறது இடது கையால. வந்தது வலது கைப்பிடி. ஸ்பின்னிங் ரீல்னா கைப்பிடியைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கலாம், பெய்ட் காஸ்டர்ல அது முடியாது. சரி, பழகிக்கலாம்னு விடியக்காலை கண்மாய்க்குப் போனேன்.

முதல் வீச்சு. லூர், அதான் அந்தப் பிளாஸ்டிக் மீன், பத்தடி தள்ளி பொத்துன்னு விழுந்துச்சு. கையில ரீல் மேல பார்த்தா தூக்கணாங்குருவி கூடு மாதிரி நூல் பொங்கி நிக்குது. கரையில உக்காந்து ஊக்கை வச்சு ஒவ்வொரு இழையா எடுத்தேன். ரெண்டாவது வீச்சும் அதே கதை. மூணாவதுல சிக்கல் அடியாழத்துக்குப் போயிருச்சு, நூறு மீட்டர் நூல்ல பாதிக்கு மேல அறுத்துப் போட்டேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் நின்னு பார்த்துட்டு, "வலை பின்றீகளா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மச்சானோட பழைய 2500 சைஸ் ஸ்பின்னிங் செட்டை இரவல் வாங்கினேன். அதே பிளாஸ்டிக் மீன், அதே ஜிக் ஹெட். அல்லிக் கொடி ஓரத்துக்கு வழுக்கிக்கிட்டுப் போய் விழுந்துச்சு. அப்பத்தான் விஷயம் உறைச்சது. ஸ்பின்னிங்ல ஸ்பூல் (நூல் சுத்தியிருக்கிற உருளை) அசையாது, ரீல்ல இருக்கிற கம்பியைத் தூக்கி விட்டா நூல் சுருள் சுருளா தானா கழண்டு போகும். பெய்ட் காஸ்டர்ல லூரோட எடைதான் ஸ்பூலை உருட்டணும். எடை பத்தலைன்னா லூர் பாதியில தளர்ந்துரும், ஸ்பூல் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், வெளிய போக வேண்டிய நூல் அங்கேயே குமியும். ராடுல கைப்பிடிக்கு மேல பொடி எழுத்துல லூர் எடை 14 முதல் 42 கிராம்னு போட்டிருக்கு. என் பிளாஸ்டிக் மீனும் ஜிக் ஹெட்டும் சேர்ந்து 10 கிராம் தாண்டாது. அதை அவன்கிட்ட வாயால சொல்லித்தானே வாங்கினேன்!

இன்னொரு கொடுமை. ரீல் பக்கவாட்டுல ஸ்பூல் வேகத்தைக் குறைக்க ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் காந்த பிரேக் திருகு இருக்கு. பத்துல வச்சாலும் ஒண்ணுல வச்சாலும் ஸ்பூல் ஒரே மாதிரி ஓடுது. மூடியைக் கழட்டிப் பார்த்தேன். காந்தம் வைக்க ஆறு குழி, இருந்தது ரெண்டு. அந்த ரெண்டும் குண்டூசியைக்கூட ஒழுங்கா இழுக்கலை.

போன் போட்டேன். முதல் நாள், "கட்டைவிரலை ஸ்பூல் மேல வச்சுப் பழகுங்கண்ணே, எல்லாருக்கும் ஆரம்பத்துல இப்படித்தான்." ரெண்டாம் நாள் காந்தக் குழி போட்டோ அனுப்பினேன், "கம்பெனியில கேட்டுச் சொல்றேன்." நாலாம் நாள், "மூடியைக் கழட்டினதால வாரண்டி போச்சு." கழட்டாம எப்படிய்யா காந்தம் இல்லைன்னு கண்டுபிடிக்கிறது? எட்டாம் நாள் ஒரு பொண்ணு எடுத்துச்சு, "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா சார்?" இல்லை. "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது சார்." நேத்து நான் கொஞ்சம் குரலை உசத்தினேன். பிளாக். 8,450 ரூபாய்க்கு ஒரு பில்லுகூடக் கையில இல்லை. அப்பத்தா வேற, "ஊத்தாக் கூடையை வச்சுக் கவுத்திருந்தா இந்நேரம் குழம்பு கொதிச்சிருக்கும்"ங்கிறா.

பெய்ட் காஸ்டர் மேல எனக்குக் கோபம் இல்லை. கனமான தவளை லூரை அல்லி, தாமரைக்குள்ள போட்டு முரட்டு நூல்ல விராலை இழுத்துப் போட அதுதான் சரி. நான் கேட்டது அது இல்லை, அவ்வளவுதான்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை நடுங்குது. இதை மட்டும் பாருங்க. 10 கிராமுக்குக் கீழே சாஃப்ட் பிளாஸ்டிக் போடுறவங்க ஸ்பின்னிங்கே வாங்குங்க. ராடுல எத்தனை கிராம்னு போட்டோ வாங்காமப் பணம் போடாதீங்க. பெய்ட் காஸ்டர்னா எந்தக் கை கைப்பிடின்னு எழுதி வாங்குங்க. பார்சல் பிரிக்கிறப்ப வீடியோ எடுங்க. பில் கேளுங்க. ஏமாந்தா 1915 நுகர்வோர் உதவி எண், ஆன்லைன் மோசடிக்கு 1930. நான் இன்னைக்குக் காலையில 1915-ல புகார் குடுத்திருக்கேன், புகார் எண் வந்திருக்கு.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது மச்சான் ஒரு படம் அனுப்பினான். அதே பக்கம், அதே ரீல், "கடைசி பீஸ்". விலை 3,900.