பியூ ஆய்வு மையத்தின் கருத்துக் கணிப்புச் சேவை: தலைப்பைவிடக் கேள்வித்தாளுக்கே மதிப்பு

அரசியல் நிகழ்வுகளைப் பற்றிப் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்வதற்கு ஆங்கில ஏடுகளிடம் சில ஆயத்தத் தொடர்கள் இருக்கின்றன. ‘வைட்லி சீன் ஆஸ்’ (பரவலாக இப்படிக் கருதப்படுகிறது) என்று எழுதிவிட்டால், அப்படிக் கருதுபவர் யார் என்று சொல்லும் கடமை எழுதுபவரை விட்டு நீங்கிவிடுகிறது. ‘குரோயிங் கன்சர்ன்’ என்றால் அந்தக் கவலை எங்கிருந்து எதுவரை வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘மெனி அமெரிக்கன்ஸ்’ என்பது பத்தில் இரண்டு பேராகவும் இருக்கலாம், எட்டுப் பேராகவும் இருக்கலாம். இத்தகைய வாக்கியத்தைப் படித்தபின், அது எந்த எண்ணிலிருந்து பிறந்தது, அந்த எண் எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்று பின்னோக்கிச் சென்று பார்க்க விரும்பும் வாசகருக்கு, அமெரிக்க அரசியலைப் பொறுத்தவரை, பியூ ஆய்வு மையத்தின் இணையதளத்தைவிட வசதியான சேவை வேறொன்றை நான் அறியேன். ஆனால் தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு வெளியேறுபவருக்கு அது பாதிப் பயன்கூடத் தராது.

வாஷிங்டனில் இயங்கும் இந்த மையத்துக்கு முதன்மையான நிதி பியூ அறக்கட்டளையிடமிருந்து வருகிறது. கொள்கை விவகாரங்களில் எந்தப் பக்கமும் நிற்பதில்லை என்பது அதன் அறிவிக்கப்பட்ட நிலை. 2014இல் உருவாக்கப்பட்ட நிலையான குழு ஒன்றிடமே பெரும்பாலான அமெரிக்கக் கணிப்புகளை அது நடத்துகிறது. தானாக முன்வருபவர்கள் இக்குழுவில் சேர முடியாது. இப்போது வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அஞ்சல் வழியாக அழைத்தே உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள். அறிக்கைகள் அனைத்தும் இலவசம். ஒவ்வோர் அறிக்கையுடனும் கணிப்பு நடந்த முறையும், ‘டாப்லைன்’ எனப்படும் கேள்வித்தாளும் இணைக்கப்பட்டிருக்கும். கேள்வி கேட்கப்பட்ட அதே சொற்களில், ஒவ்வொரு விடைக்கும் கிடைத்த விழுக்காட்டுடன், முந்தைய ஆண்டுகளின் எண்களும் இருந்தால் அவற்றோடும் சேர்த்து அதில் அச்சாகியிருக்கும். இந்தச் சேவையின் உயிர் அந்த டாப்லைனில்தான் இருக்கிறது.

இதை மையமே தன் பழைய கணிப்புகளைக் கொண்டு விளக்கியிருக்கிறது. ஈராக் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, 2003 ஜனவரியில், சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது 68 விழுக்காட்டினர் ஆதரித்தனர்; 25 விழுக்காட்டினர் எதிர்த்தனர். அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் பலியாகவோ காயமடையவோ நேர்ந்தாலும் ஆதரிப்பீர்களா என்று அதே கேள்வியை நீட்டியபோது ஆதரவு 43ஆகக் குறைந்தது, எதிர்ப்பு 48ஆக உயர்ந்தது. ‘அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போரை ஆதரிக்கிறார்கள்’ என்றும், ‘ஆதரிப்பவர்களைவிட எதிர்ப்பவர்களே அதிகம்’ என்றும் ஒரே வாரத்தில் இரண்டு ஏடுகள் எழுதியிருந்தால், இரண்டுமே எண்ணளவில் பிழையில்லாத செய்திகளாக இருந்திருக்கும். மக்கள் ஒரு நொடியில் மனம் மாறிவிடவில்லை. போரின் விலையைச் சொல்லாமல் கேட்டதற்கு ஒரு விடையும், சொல்லிக் கேட்டதற்கு வேறொரு விடையும் கிடைத்தன. இரண்டில் எது ‘பொதுமக்கள் கருத்து’ என்ற கேள்விக்கு எண்ணில் பதில் இல்லை.

விலை, பலி போன்ற புதுத் தகவல் எதையும் சேர்க்காமல், விடையளிக்கும் வாய்ப்பை மட்டும் மாற்றினாலும் இதேபோல் நடக்கிறது. 1999இல் நடந்த சோதனையில், அமைதியை உறுதிப்படுத்தச் சிறந்த வழி ராணுவ வலிமையே என்ற கூற்றை முன்வைத்து ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டதற்கு 55 விழுக்காட்டினர் ஏற்றனர். அதையே ‘ராணுவ வலிமையா, ராஜதந்திரமா’ என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ராணுவ வலிமைக்கு 33 விழுக்காடுதான் கிடைத்தது; ராஜதந்திரம் 55 பெற்றது. ஒரு கூற்றை முன்வைத்தால், அதிலும் கேட்பவர் முன்னிலையில், தலையசைத்துவிடும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு. எனவே ஆங்கிலச் செய்தியில் ‘அக்ரீ’ (ஏற்கிறார்கள்) என்ற வினைச்சொல் வந்தால், மறுபக்கத்துக்கு என்ன கூற்று தரப்பட்டது, தரப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. 2008 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு நடந்த கணிப்பிலும் இதன் இன்னொரு வடிவம் உண்டு: வாக்கைத் தீர்மானித்த முக்கியப் பிரச்சினை எது என்று ஐந்து பெயர்களைப் படித்துக்காட்டிக் கேட்டபோது 58 விழுக்காட்டினர் பொருளாதாரம் என்றனர், பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டபோது 35 விழுக்காட்டினர்தான் அப்படிச் சொன்னார்கள்.

இவ்வளவையும் தானே வெளிச்சம் போட்டுக் காட்டும் ஒரு நிறுவனம் தன் சொந்த வாக்கியங்களில் எப்படி நடந்துகொள்கிறது? பெரும்பாலும் நன்றாகவே. ‘நம்புகிறார்கள்’, ‘உணர்கிறார்கள்’ என்று மனத்துக்குள் புகுந்து எழுதாமல், ‘சொல்கிறார்கள்’ என்ற வினையோடு அறிக்கைகள் நிற்கின்றன. சிறிய சொல்தான், ஆனால் கணிப்பில் உண்மையில் நிகழ்ந்தது அது மட்டுமே. ‘ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர்’ என்று எழுதினால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சரியான விழுக்காடும் இருக்கும். பாதியைத் தாண்டினால்தான் ‘மெஜாரிட்டி’. தாண்டாமல் மற்றவற்றைவிட மேலே நின்றால் ‘ப்ளூராலிட்டி’ போன்ற வேறு சொல். செய்தி ஏடுகள் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுவதைத் தினமும் பார்க்கலாம்.

குறைகள் தலைப்புகளிலும் வரைபடங்களிலும் இருக்கின்றன. ‘ரிபப்ளிகன்கள்’, ‘டெமாக்ரட்கள்’ என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், கட்சியினர் மட்டுமல்லாமல், கட்சி சாராதவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டு, வற்புறுத்திக் கேட்டபோது ஒரு பக்கம் சாய்பவர்களும் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள். அறிக்கை இதைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் வரைபடத்தை வெட்டியெடுத்துப் பகிர்பவர் கையில் அந்த விளக்கம் தங்குவதில்லை. விடை அளிக்காதவர்களும் பல படங்களில் ஓர் அடிக்குறிப்போடு மறைந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கனமான குறை ஒன்று, மையம் மிகவும் பெருமைகொள்ளத்தக்க தொடரிலேயே இருக்கிறது. வாஷிங்டன் அரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின் மீது அமெரிக்கர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை 1958இலிருந்து பல நிறுவனங்களால் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. அவ்வளவையும் ஒரே கோட்டில் இணைத்து மையம் காட்டுகிறது. 1958இல் 73 விழுக்காடு, 2023இல் 16 விழுக்காடு. இதைப் பார்த்ததும் ‘அரசை நம்புவோர் பதினாறே விழுக்காடு’ என்று எழுதத் தோன்றும். ஏடுகளும் அப்படியே எழுதின. டாப்லைனைத் திறந்தால், அரசு சரியானதைச் செய்யும் என்று எப்போதும் நம்புகிறீர்களா, பெரும்பாலான நேரம் நம்புகிறீர்களா, சில நேரம் மட்டும் நம்புகிறீர்களா என்பதே கேள்வி என்று தெரியும். முதல் இரண்டையும் கூட்டினால் கிடைப்பதுதான் அந்த 16. ‘சில நேரம்’ என்று நிதானமாக விடை சொன்ன குடிமகன், ஒருபோதும் நம்பாதவரோடு ஒரே பக்கத்தில் நிறுத்தப்படுகிறார். சரிவு உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அளவிடப்பட்டது நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதன்று, எத்தனை முறை என்பதே. தலைப்பில் அது முழுமையாக வருவதில்லை. கூடவே, கணிப்பு நடக்கும் முறையும் இடையில் மாறியிருக்கிறது. மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் விடையளிப்போர் விகிதம் 1997இல் 36 விழுக்காடாக இருந்து 2018இல் 6 விழுக்காடாகச் சுருங்கியதால் இணையவழிக்கு மாறவேண்டியிருந்தது. குரல் கேட்டுச் சொல்லும் விடையும் திரையைப் பார்த்து அழுத்தும் விடையும் எல்லாக் கேள்விகளிலும் ஒன்றாக அமைவதில்லை.

கணிப்பில் கிடைத்த எண் உண்மை நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதைக் காட்டும் பிழை எல்லையைப் பற்றி மையத்தினர் எழுதியிருக்கும் எளிய விளக்கக் கட்டுரைகள் தனியே குறிப்பிடத்தக்கவை. ஒரு வேட்பாளருக்கு 48, மற்றவருக்கு 45, பிழை எல்லை 3 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை ஒவ்வோர் எண்ணுக்கும் உரியது. இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் எல்லை ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. ஆகவே அங்கே ‘முன்னிலை’ என்ற சொல்லை எழுத இடமில்லை.

பயன்படுத்துவதில் சில சிரமங்கள் உள்ளன. டாப்லைன் தனிப் பிடிஎஃப் கோப்பாக இருப்பதால் கைப்பேசித் திரையில் படிப்பது வேதனை. மூலத் தரவைப் பதிவிறக்கக் கணக்கு தொடங்கவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. யார் வெல்வார் என்ற தேர்தல் ஆருடம் தேடுபவருக்கு இங்கே அதிகம் கிடைக்காது. நாளைய செய்தியில் வரும் ‘மக்கள் கருத்து’ எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று தேடுபவருக்கு, முதலில் டாப்லைன், பிறகு முறையியல், கடைசியாகத் தலைப்பு என்ற வரிசையில் படிக்குமாறு பரிந்துரைப்பேன். மையமும் கேள்வியை அடிக்குறிப்பிலிருந்து எடுத்துத் தலைப்புக்கு நேர் கீழே முழுதாக அச்சிடத் தொடங்கினால், வெட்டிப் பகிர்பவரின் கத்தரிக்கோல்கூட அதை எளிதில் தவிர்க்க முடியாது.