பிரெண்டா வில்லா, மேகி ஸ்டெஃபன்ஸ்: ஓர் ஒப்பீடு

குளத்தில் நீந்தியபடியே பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டமான வாட்டர் போலோவில், அமெரிக்க மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய பிரெண்டா வில்லாவும் மேகி ஸ்டெஃபன்ஸும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். மற்றபடி இருவரும் நடந்த பாதை வேறு. மகளிர் வாட்டர் போலோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற 2000 சிட்னி இறுதிப்போட்டியில், கடைசி நொடிகளில் ஆஸ்திரேலியா அடித்த கோலால் 4-3 எனத் தோற்ற அணியில் வில்லா இருந்தார். 2004இல் வெண்கலம், 2008இல் நெதர்லாந்திடம் 9-8 எனத் தோற்று மீண்டும் வெள்ளி என்று காத்திருந்தவருக்கு, தமது நான்காவது ஒலிம்பிக்கான 2012 லண்டனில்தான் தங்கம் கிட்டியது. ஸ்பெயினை 8-5 என வென்ற அந்த இறுதிப்போட்டியில் ஐந்து கோல்களை அடித்தவர், முதல் ஒலிம்பிக்கில் ஆடிய 19 வயது ஸ்டெஃபன்ஸ்.

அதன்பின் ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம் வென்ற ஸ்டெஃபன்ஸ், ஒலிம்பிக் மகளிர் வாட்டர் போலோவில் மிக அதிக கோல் அடித்தவராகவும் ஆனார். பதக்கக் கணக்கில் அவரே முன்னிற்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வென்று பழகிய அணியில் ஆடுவதைவிட, இருமுறை இறுதியில் தோற்ற அணியைப் பன்னிரண்டு ஆண்டுகள் சுமந்து செல்வதே கடினம் என்பது என் கருத்து. ஸ்டெஃபன்ஸ் பதக்கமின்றித் திரும்பிய ஒரே ஒலிம்பிக், அமெரிக்கா நான்காமிடம் பெற்ற 2024 பாரிஸ் மட்டுமே.