அம்மாவின் காலடிக்கு வெளிச்சம்: குளியலறைக்கான சென்சார் விளக்குகளைப் பயன்படுத்திப் பார்த்ததில்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீடு என் தாத்தா காலத்தியது. ரெட் ஆக்சைடு தரையிட்ட கூடத்திலிருந்து சமையலறையைக் கடந்து, பின்கட்டில் இரண்டு படி இறங்கினால்தான் குளியலறையும் கழிவறையும் சேர்ந்த அந்தச் சிறிய அறை வரும். படிகளுக்கு அருகிலேயே அடிபம்பு இருப்பதால், தண்ணீர் பிடித்து முடித்த பிறகும் அந்த இடம் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் இருப்பதால் இரவில் மூன்று முறையாவது எழுந்து போக வேண்டியிருக்கிறது. கூடத்தில் பேரன் தூங்குகிறான் என்பதற்காக டியூப் லைட்டைப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டே போவது அவருடைய வழக்கம். கடந்த தை மாதத்தில் ஓர் இரவு, கடைசிப் படியில் கால் பிசகி விழுந்து, கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் கட்டிலோடு இருந்தார். ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கைத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நான்கு வகைகளை வாங்கிப் பொருத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை, முதியவர்களோடு வாழும் வீடுகளுக்குப் பயன்படும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன். சில விளக்குகளின் குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஒரே வகை விளக்கு பல பெயர்களில் விற்கப்படுகிறது என்பதால், வகையைத் தெரிந்துகொள்வதே வாங்குபவருக்கு முக்கியம்.

சென்சார் விளக்கு எதற்கு, ஒரு ஜீரோ வாட் பல்பை இரவு முழுவதும் எரியவிட்டால் போதாதா என்று என் அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், பழைய இழைப் பல்புகளில் ஜீரோ வாட் என்று சொல்லப்படுபவை உண்மையில் 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் எடுக்கும். 15 வாட் பல்பு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட் ஆகிவிடும். இப்போது கிடைக்கும் அரை வாட் எல்இடி பல்புக்கு அதே காலத்தில் 0.3 யூனிட்தான் ஆகும் என்பதால் செலவு இன்று ஒரு பொருட்டல்ல. எங்கள் வீட்டில் சிக்கல் வேறு விதமானது. பின்கட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தால் அதன் வெளிச்சம் சமையலறை வழியாகக் கூடம் வரை விழுகிறது. அதோடு, கோடைக்கால மின்வெட்டு வரும் இரவுகளில், விளக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது அணைந்துவிடுகிறது.

முதலில் இணையத்தில் வாங்கியது, ஓர் அடி நீளமுள்ள பட்டை வடிவ விளக்கு. விலை 450 ரூபாய். அதிக வெளிச்சம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எண்ணமே தவறு என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிட்டது. அது 6500 கெல்வின் நிறமுள்ள, நீலம் கலந்த வெள்ளை ஒளி. இருட்டில் படுத்திருந்து எழுந்து வருபவரின் கண், இருளுக்கு முழுமையாகப் பழகிய நிலையில் இருக்கிறது; அந்தப் பழக்கம் ஏற்பட 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளீரென்ற ஒளி பட்டால் அது நொடியில் கலைந்துவிடுகிறது. குளியலறைக்குப் போகும்போது அந்த ஒளியில் நடந்துவிடலாம். ஆனால் திரும்பி இருண்ட சமையலறைக்குள் நுழையும்போது எதுவுமே தெரியாது. இன்னொன்றும் உண்டு. விழித்திரையில் உள்ள ஒருவகை நரம்புச் செல்கள் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியால் அதிகமாகத் தூண்டப்பட்டு, தூக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கின்றன. அம்மாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனால் இரண்டாம் நாள் காலையில் அவர் சொன்னது அதைத்தான்: “அந்த வெள்ள லைட்டு எரிஞ்சா அப்புறம் தூக்கமே வர மாட்டேங்குதுடா, விடியிற வரைக்கும் முழிச்சிக்கினே கெடக்குறேன்.” அந்தப் பட்டையை இப்போது பீரோவுக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம், அந்த இடத்துக்கு அது மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

நீல ஒளி கூடாது என்றால் சிவப்பு சிறந்தது அல்லவா என்று தோன்றும். இருளில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் சிவப்பு ஒளியால் ஏறத்தாழப் பாதிக்கப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சோதித்துப் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத ஆபத்து ஒன்று வெளிப்பட்டது. அம்மா விழுந்த பிறகு படிகளின் விளிம்பில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டிருந்தோம். சிவப்பு ஒளியில் சிவப்புத் தரையும் வெள்ளைக் கோடும் ஒரே நிறமாகத் தெரிந்ததால், படியின் விளிம்பு மறைந்தே போனது. மேலும், 60 வயதைத் தாண்டியவர்களின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது என்பதால், மிக மங்கலான ஒளியும் அவர்களுக்கு உதவாது. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி, தரையை நோக்கி விழுமாறு இருப்பதே நடுவழியாக அமைந்தது.

அடுத்ததாகத் தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில், உள்ளங்கை அளவுள்ள வட்ட வடிவ விளக்கை 380 ரூபாய்க்கு வாங்கினேன். யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் காந்தம் இருக்கிறது. சுவரில் ஒட்டும் சிறிய இரும்புத் தகட்டில் அது பிடித்துக்கொள்கிறது. கதவின் மேல் ஒட்டுவதா, கூரையில் ஒட்டுவதா என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில், இந்த விளக்குகளைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக இருந்தது: “ஆளு நேரா வர்ற எடத்துல வைக்காதீங்க சார், குறுக்கால கடக்குற எடத்துல வைங்க. முட்டி உயரம் போதும்.”

அவர் சொன்னதற்கான காரணம் சென்சாரின் அமைப்பிலேயே இருக்கிறது. பிஐஆர் எனப்படும் இந்தச் சென்சார் எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை; நம் உடல் வெளியிடும் வெப்பக் கதிர்களை, அதாவது 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர்களை, வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. உள்ளே அருகருகே இரண்டு உணர்பகுதிகள் உள்ளன. முன்னால் உள்ள வெள்ளைக் குமிழ், பார்வைப் பரப்பைப் பல துண்டுகளாகப் பிரிக்கும் வில்லை. ஒருவர் குறுக்கே கடக்கும்போது அவருடைய வெப்பம் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு மாறுவதால், இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டாகி விளக்கு எரிகிறது. நேராக எதிரே நடந்து வந்தால் இரண்டு பகுதிகளும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தை உணர்வதால், மிக அருகில் வந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். படிகளுக்கு நேர் எதிரே நான் முதலில் ஒட்டியபோது அம்மா முதல் படியில் காலை வைத்த பிறகே விளக்கு எரிந்தது. சமையலறை வாசலின் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் மாற்றி ஒட்டிய பிறகு, அவர் வாசலைக் கடக்கும்போதே இரண்டு படிகளும் வெளிச்சத்தில் தெரிகின்றன. காலடி எடுத்து வைப்பதற்கு முன் தரை தெரிய வேண்டும். விளக்கு எந்த நிறுவனத்தினுடையது என்பதைவிட நூறு மடங்கு முக்கியமானது இது.

இந்தச் சென்சாருக்கு நம் ஊர் வெயில் ஒரு சோதனைதான். உடலுக்கும் பின்னணிச் சுவருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே அது வேலை செய்கிறது. கத்திரி வெயில் நாட்களில் பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவிலும் சூடாகவே இருப்பதால், அந்த வேறுபாடு குறைந்துபோகிறது. வாங்கிய புதிதில் மூன்று மீட்டர் தொலைவில் ஆளை உணர்ந்த அதே விளக்கு, மே மாதத்தில் ஒன்றரை மீட்டருக்குள் வந்தால்தான் எரிந்தது. ஆகவே, விளக்குக்கும் நடைபாதைக்கும் உள்ள இடைவெளியை அட்டையில் போட்டிருக்கும் தொலைவில் பாதிக்கும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

மின்கலத்தைப் பற்றியும் அட்டையை அப்படியே நம்ப வேண்டாம். என் விளக்கில் இருப்பது 500 மில்லி ஆம்பியர் மணி மின்கலம். ஒருமுறை எரிந்தால் 20 நொடி நீடிக்கிறது. இரவில் 20 முறை எரிவதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஏழு நிமிடத்துக்கும் குறைவுதான். பக்கத்து வீட்டுப் பூனை கடக்கும்போதெல்லாம் எரிவதையும் இதில் சேர்த்திருக்கிறேன். மூன்று மாதம் நிற்கும் என்று அட்டையில் இருந்தது. எனக்கு நின்றது 23 நாள். அதையே நான் போதுமானதாகக் கருதுகிறேன். மின்வெட்டு நேரத்திலும் எரிகிறது என்பதோடு, அப்போது அம்மா அதைத் தகட்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறார்.

இதே விளக்கு குளியலறையின் உள்ளே உதவவில்லை. அசையாமல் அமர்ந்திருப்பவரைப் பிஐஆர் சென்சாரால் உணர முடியாது என்பதால், 20 நொடிக்குப் பிறகு அணைந்துவிடுகிறது. இருட்டில் அமர்ந்துகொண்டு கையை வீசி விளக்கை எழுப்ப வேண்டிய நிலையை ஒரு முதியவருக்கு ஏற்படுத்துவது சரியல்ல. அதற்காக, ஏற்கெனவே உள்ள ஹோல்டரிலேயே மாட்டக்கூடிய 9 வாட் ரேடார் சென்சார் பல்பை வாங்கினேன். இது நுண்ணலையை அனுப்பி, அது திரும்பி வரும்போது ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அசைவை அறிகிறது. வெப்பத்தை நம்பியிராததால் கோடையிலும் தடுமாறவில்லை. சிறிய அசைவையும் உணர்ந்துகொண்டது. ஆனால் அந்த அலை மெல்லிய பிவிசி கதவைத் தாண்டிச் செல்லக்கூடியது. வெளியே அடிபம்பில் யாராவது தண்ணீர் அடித்தால்கூட உள்ளே விளக்கு எரிந்தது. அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன், நள்ளிரவில் 9 வாட் வெள்ளை ஒளி முகத்துக்கு நேரே அடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பல்பு இப்போது மாடிப்படிக்குப் போய்விட்டது.

கடைசியாகக் கைகொடுத்தது, சுவரில் பொருத்தும் பிஐஆர் சென்சார் சுவிட்சும் அதனோடு இணைத்த அரை வாட் மஞ்சள் எல்இடி பல்பும். சுவிட்ச் 550 ரூபாய், பல்பு 60 ரூபாய், எலக்ட்ரீஷியன் கூலி 300 ரூபாய். இந்தச் சுவிட்சில் இரண்டு திருகுகள் உள்ளன: எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு இருட்டானால் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு மற்றொன்று. நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அசைவிலும் அது புதிதாக எண்ணத் தொடங்குவதால், அம்மா உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்ததே இல்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டு வயர் மட்டும் உள்ள சுவிட்ச், தான் இயங்குவதற்கான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்வதால், அரை வாட் எல்இடி அணைந்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது சிமிட்டும். நியூட்ரல் வயரும் சேர்த்து மூன்று வயர் உள்ள சுவிட்சைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஈரமான அறையில் செய்யும் மின்வேலை என்பதால், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இல்லை. இந்தச் சாக்கில் அதையும் போட்டுவிட்டோம்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் துருவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டிலிருந்து வீசும் உப்புக்காற்றில், வட்ட விளக்கின் இரும்புத் தகடு நான்கே மாதத்தில் துருப்பிடித்துச் சுவரில் கறையை இறக்கியது. ஒட்டியிருந்த இருபக்க டேப்பும் ஈரச்சுவரில் இளகியது. தகட்டின் மேல் பெயின்ட் அடித்து, இரண்டு திருகுகளால் இறுக்கிய பிறகு சரியாக இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் துளைக்கு ரப்பர் மூடி உள்ள விளக்கையே தேர்ந்தெடுங்கள். உள்ளே வைக்கும் எதுவாக இருந்தாலும் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபி 44 தரமாவது இருக்க வேண்டும். ஐபி 20 என்று போட்டிருந்தால் அதற்கு நீரிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று பொருள். குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் உள்ளவர்கள், கழுவுவதற்கு முன் கழற்றக்கூடிய விளக்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். அந்தப் புகை, உப்புக்காற்றைவிட வேகமாக உலோகத்தை அரிக்கும்.

கடையில் சோதிக்கும்போது விளக்கு எரியவில்லை என்றால் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் எரியாமல் தடுக்கும் ஒளி உணரி அதில் இருக்கிறது. அந்தச் சிறு புள்ளியை விரலால் மூடிக்கொண்டு, மறு கையைக் குறுக்கே அசைத்துப் பாருங்கள். எத்தனை நொடி எரிகிறது என்பதை அங்கேயே எண்ணிப் பார்த்துவிடலாம். அட்டையில் கெல்வின் அளவு இல்லாவிட்டால் பிரிக்கச் சொல்லி எரியவிட்டுப் பாருங்கள். தண்டையார்பேட்டைக் கடைக்காரர் எனக்கு மூன்று விளக்குகளை முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டினார்.

வட்ட விளக்கில் இன்னொன்றையும் பிறகு அவரிடமே வாங்கிக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒன்றைக் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டு மற்றொன்றைத் தகட்டில் மாட்டுவது பேரனின் வேலை. அவன் மறந்துவிட்டால், இருட்டுவதற்கு முன் அம்மாவே அவனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்கிறார்.