ஆர்எக்ஸ்-8க்குப் போட்ட எச்ஜேஎஸ் 200 செல் கன்வெர்ட்டர்: வேலூர் வெயிலிலும் வேகத்தடையிலும் எப்படி?

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இந்தியாவில் விற்பனைக்கு வராத கார். என்னிடம் இருப்பது, லண்டனில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு டாக்டர் தன்னோடு கொண்டுவந்தது. வலப்பக்க ஸ்டியரிங், ஆறு கியர், 231 குதிரைசக்தி. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின். அவரிடமிருந்து வாங்கி காட்பாடி காந்தி நகரில் வைத்து ஓட்டுகிறேன். அதற்கு நான் வாங்கிப் போட்ட, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரோட்டரி இல்லாத பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்குப் பாதி உதவும்.

வாங்கியது ஜெர்மனி எச்ஜேஎஸ் கம்பெனியின் யுனிவர்சல் வகை. உள்ளே செராமிக் கிடையாது, உலோகத் தகடு. சதுர அங்குலத்துக்கு 200 துளை (செல்). என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோட்டரி இன்ஜினுக்கு இந்த வகைதான் சரி. சத்தத்துக்காகவோ கூடுதல் பவருக்காகவோ கன்வெர்ட்டர் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இந்த வண்டியில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் சூடு.

ரோட்டரியின் எரியறை நீளமானது, ஒல்லியானது. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன்பே புகைவழி திறந்துகொள்ளும். அதனால் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் வாயுவும் எரியாத பெட்ரோலும் சேர்ந்தே வெளியே வரும். ஆர்எக்ஸ்-8ன் ரெனிசிஸ் இன்ஜினில் புகைவழிகளைப் பக்கச் சுவருக்கு மாற்றி மாஸ்டா அதைப் பெரிதும் குறைத்தது. 2003ல் உலகின் சிறந்த இன்ஜின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனாலும் நடுச்சுவரில் இருக்கும் வழி இரண்டு ரோட்டருக்கும் பொது. அந்த ஒரு துளையில் மட்டும் இரண்டு பக்கத்துச் சூடும் சேர்கிறது. போதாததற்கு, ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீலுக்கு வழுவழுப்பு வேண்டும் என்று இன்ஜின் தானே கொஞ்சம் ஆயிலை உள்ளே தெளித்து எரிக்கிறது. அது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. அந்த ஆயிலில் இருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சாம்பலாகிக் கன்வெர்ட்டரின் மேல் படிகின்றன.

1970களில் மாஸ்டா இந்தப் பிரச்சினைக்குக் கன்வெர்ட்டரே வைக்காமல், தெர்மல் ரியாக்டர் என்ற கனத்த இரும்பு அறைக்குள் மிச்ச பெட்ரோலை எரித்தது. பெட்ரோல் எக்கச்சக்கமாகக் குடித்தாலும் புகைச் சோதனையில் தேறியது. கடைசியில் ஆர்எக்ஸ்-8 ஐரோப்பாவில் 2010ல் நின்றுபோனதற்கும் காரணம் யூரோ 5 புகை விதிதான். இந்தக் காரின் வரலாறே புகையோடு நடந்த சண்டை. அதனால்தான் இதற்கு எந்தக் கன்வெர்ட்டரைப் போடுகிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

வண்டி என் கைக்கு வந்தபோது அதில் இருந்தது ஒரிஜினல் இல்லை. யாரோ முன்பே மாற்றியிருந்த, பெயர் தெரியாத மலிவு செராமிக் கன்வெர்ட்டர். தட்டினால் உள்ளே கடகடவென்று ஓசை. 9000 ஆர்பிஎம் வரை போக வேண்டிய இன்ஜின் 6000 தாண்டியதும் மூச்சுத் திணறியது. ஏலகிரி மலை ஏறும்போது கியர் லிவரைச் சுற்றிக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. கன்வெர்ட்டர் காருக்கு நடுவே, சீட்டுக்குக் கீழே போகிறது என்பதால் அடைப்பு வந்தால் முதலில் தெரிவது இந்தச் சூடுதான்.

அடைப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க ஸ்கேனர் மட்டும் போதாது. முன் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஐடிலிங்கில் முள் அசையக்கூட வேண்டியதில்லை. 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் உள்ளே அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் அதைத் தாண்டியது. கழற்றிப் பார்த்தபோது செராமிக் கட்டியின் முன்பக்கம் உருகி வழிந்து உறைந்திருந்தது, மீதி துண்டு துண்டாகப் பெயர்ந்து கிடந்தது.

அந்தச் செராமிக் உருக 1400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் வெறும் ஓட்டத்தால் அந்தச் சூடு வராது. மிஸ்ஸிங் அடித்து, அதாவது இடையிடையே தீப்பற்றாமல் விட்டு, எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே தீப்பிடித்தால் வரும். ஆர்எக்ஸ்-8ல் நான்கு இக்னிஷன் காயில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக். இந்தக் காயில்கள் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது ரோட்டரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான்கு காயில், நான்கு பிளக், வயர் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு அப்புறம்தான் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மிஸ்ஸிங் இருக்கும் இன்ஜினில் எந்த நாட்டுக் கன்வெர்ட்டரைப் போட்டாலும் அது உருகத்தான் செய்யும். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டரோடு ஓட்டினால் சூடு பின்னோக்கி ஏறி சீலைக் கெடுத்து, கம்ப்ரஷன் போய், இன்ஜினையே பிரிக்க வேண்டியதாகிவிடும்.

என்னிடம் நான்கு வழிகள் இருந்தன. கம்பெனி ஒரிஜினல் பார்ட், குற்றம் சொல்ல முடியாதது, விலைதான் தாங்காது. மலிவு செராமிக், அதன் கதியைக் கண்ணால் பார்த்தாயிற்று. அதன் விலை ஏன் அவ்வளவு குறைவு என்று யோசிக்க வேண்டும். கன்வெர்ட்டரின் உண்மையான மதிப்பு உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தில்தான். 2021ல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியது. உலோகங்கள் இவ்வளவு விலையுயர்ந்தவையாக இருக்கும்போது மலிவாக ஒன்று கிடைத்தால், பூச்சில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது வழி, கன்வெர்ட்டரே இல்லாமல் நேர் பைப். எங்கள் பகுதியில் பல கடைகளில் முதலில் சொன்ன யோசனையே இதுதான்: "உள்ள இருக்கறத ஒட்ச்சி கொட்டிட்லாம் சார், பிக்கப் சும்மா பிச்சிக்னு போவும்." 1995ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, ஈயம் இல்லாத பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை, நாடு முழுக்க வந்தது 2000ல். இடைப்பட்ட காலத்தில் ஈயப் பெட்ரோல் போட்ட கார்களில் கன்வெர்ட்டர் செத்துப்போகும், உடைத்துக் கொட்டுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு மாசு விதி மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆற்காடு ரோட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் நெரிசலில் நின்று பாருங்கள். பக்கத்து ஆட்டோவில் கையில் சலைன் ஊசியோடு ஒருவர், மடியில் குழந்தையோடு ஒரு அம்மா, ஸ்கேன் கவரைப் பிடித்துக்கொண்டு வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். கன்வெர்ட்டர் இல்லாத ரோட்டரியின் புகை கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். என் ஆசைக்கு வைத்திருக்கும் காரின் புகையை அவர்கள் மூக்கில் விட எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆக நான்காவது வழி: நல்ல உலோகக் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, வண்டியின் பழைய ஃபிளாஞ்சுகளோடு (பைப்பை நட்டு போட்டு இணைக்கும் தட்டுகள்) வைத்து வெல்டிங் செய்வது. டூட்டி, கூரியர் எல்லாம் சேர்த்தும் ஒரிஜினல் விலையில் பாதிக்குக் கீழேதான் வந்தது. உலோகத் தகட்டின் கனம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் சூடாகி வேலையைத் தொடங்கும், அதிர்ச்சியில் உடையாது. சாதாரணமாக 400 துளை இருக்கும் இடத்தில் 200 என்றால் ஒவ்வொரு துளையும் பெரியது, ஆயில் சாம்பல் அவ்வளவு எளிதில் அடைக்காது. 100 துளை உள்ளதும் விற்கிறார்கள். அது பந்தயத் தளத்துக்கு. நம் புகைச் சோதனைக்கு அதை நம்ப வேண்டாம்.

வெல்டிங் செய்தது ஒரு சின்ன சைலன்சர் கடை. வயதான பாய் ஒருவர், கூட அவர் பேரன். கையில் வாங்கியதும் பாய் கேட்ட முதல் கேள்வி, "இன்னாபா இது, இத்தினிகாண்டு கீது, இம்மாம் கனம் கீது?" என்பதுதான். கனம் நல்ல அறிகுறி என்றேன். "இதுக்கு கேஸ் வெல்டிங் ஆவாது, ஆர்கான்தான் அடிக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதுதான் சரி. பழைய ஃபிளாஞ்சுகளை அறுத்து எடுத்து, முதலில் வண்டிக்குக் கீழே மாட்டி, அங்கங்கே பொட்டு வைத்து, கழற்றி, மேசையில் வைத்து முழுசாக அடித்தார். இப்படிச் செய்யாவிட்டால் கோணல் வந்து பைப் பாடியில் இடிக்கும். கன்வெர்ட்டருக்கான சென்சர் நட்டும் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னேன். சென்சரைத் தள்ளி வைக்கும் ஸ்பேசர் ஒன்று மாட்டினால் செக் லைட் வரவே வராது என்று சிலர் சொல்வார்கள். அது கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை. கன்வெர்ட்டர் நிஜமாகவே செத்தாலும் தெரியாமல் போய்விடும். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420 கோடு எனக்கு ஸ்பேசர் இல்லாமலேயே இதுவரை வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். யுனிவர்சல் கன்வெர்ட்டரோடு வெப்பத் தடுப்புத் தகடு வராது. வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பக்கம் அப்படி இருக்க முடியாது. அறுவடைக் காலத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், போளூர் பக்கம் போனால் ரோட்டிலேயே கேழ்வரகுக் கதிரும் கொள்ளுச் செடியும் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறினால் மணி உதிரும் என்று. தரையோடு போகும் ஆர்எக்ஸ்-8க்குக் கீழே அந்தத் தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். சிக்குவது நேராகக் கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில். காய்ந்த தாள், பல நூறு டிகிரி இரும்பு, மேலே பெட்ரோல் லைன். கார் எரிய வேறு எதுவும் வேண்டாம். பழைய கன்வெர்ட்டரின் தடுப்புத் தகடுகளைக் கழற்றி, புதியதன் மேலும் கீழும் பொருத்தினோம். பரப்பிய ரோடு வந்தால் நான் இறங்கி, "அண்ணே, கொஞ்சம் ஒதுக்கிக் கொடுங்க, வண்டி தீப்பிடிக்கும்" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் மறுத்ததில்லை. தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் கீழே பார்த்துவிட்டுத்தான் போவேன். மலையடிவாரத்தில் காய்ந்த புல் மேலும் நிறுத்துவதில்லை.

வேகத்தடையில் இடிப்பதில்லை. பழையதைவிட இதன் உடல் குட்டை என்பதால் தரையிடைவெளி கொஞ்சம் கூடியே இருக்கிறது.

ஓட்டத்தில் வித்தியாசம்: 6000க்கு மேல் இருந்த திணறல் போய், ஆர்பிஎம் எல்லையை எச்சரிக்கும் பீப் ஒலி வரும் வரை ஒரே இழுப்பாக ஏறுகிறது. இது கூடுதல் பவர் இல்லை, இருக்க வேண்டிய பவர் திரும்பியது, அவ்வளவுதான். பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி நீளமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் கியர் லிவர் பக்கம் இளஞ்சூடு மட்டும். மே மாத அக்னி நட்சத்திர வெயிலிலும் அப்படியே. சத்தம் லேசாகக் கனமாகியிருக்கிறது, தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இல்லை. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.1 சதவீதத்துக்குள் வந்தது. சோதனை செய்த தம்பி குழாயைச் செருகியது சரிதானா என்று இரண்டாவது முறை பார்த்தார்.

குறை என்று பார்த்தால், காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் பச்சைப் பெட்ரோல் வாடை வருகிறது. எந்தக் கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரி எட்டினால்தான் வேலை செய்யும், அதுவரை ரோட்டரியின் வாடை அப்படியே வெளியே வரும். காற்று செலுத்தும் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவது அதுதான். இன்ஜின் சூடாகும் முன் அணைத்துவிடவும் கூடாது. ரோட்டரிக்குள் பெட்ரோல் தேங்கி அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது, தேங்கியதெல்லாம் பிறகு கன்வெர்ட்டருக்குத்தான் போகும்.

அபெக்ஸ் சீலுக்காக டேங்கில் 2T ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கானது) கலக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. பங்க்கில் கிடைக்கும் எதையாவது ஊற்றாமல், சாம்பல் குறைந்த வகையை மட்டும் தேடி வாங்குங்கள்.

வெறும் சந்தை, ஆபீஸ் என்று ஊருக்குள் மட்டும் குட்டிக் குட்டியாக ஓட்டுபவர்களுக்கு, பணம் இருந்தால் ஒரிஜினல்தான் மேல். வாடை இன்னும் குறையும். வாரக் கடைசியில் நெடுஞ்சாலை, மலை என்று விரட்டுபவர்களுக்கு இந்த 200 துளை உலோகக் கன்வெர்ட்டரைத் தயங்காமல் சொல்வேன். வாங்கும்போது உள்விட்டத்தை உங்கள் பைப்போடு ஒப்பிட்டு வாங்குங்கள், தடுப்புத் தகட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், மாட்டிய முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஃபிளாஞ்ச் நட்டுகளை ஆறவிட்டு இன்னொரு முறை இறுக்குங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கும், எனக்கும் கால் சுற்று இறுகியது.